கடை மூடியாச்சு, வட்டியும் குறைஞ்சாச்சு, அம்மாவும் இல்லை: அப்பா ஆளே மாறிவிட்டார் (கடலூர்)

புதுப்பாளையம் மகள் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வீட்டில் பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது. திருப்பாதிரிப்புலியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அம்மா 2023-இல் தவறிவிட்டார்கள். அடுத்த வருடமே ஃபெஞ்சல் புயல். புயல் கரை கடந்த பிறகு, டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் செம்மண்டலம் பக்கம் இருந்த குடோனுக்குள் புகுந்துவிட்டது. சிமெண்ட் மூட்டை எல்லாம் கல்லாகிவிட்டது, ஆணியும் கம்பியும் துருப்பிடித்துப் போயின. திரும்பச் சரக்கு எடுத்துப் போட வேண்டாம் என்று கடையை மூடினோம். மிச்சம் இருந்த பணம், பழைய சேமிப்பு எல்லாம் சேர்த்துச் சுமார் 20 லட்சம் வங்கியில் டெபாசிட்டாக இருக்கிறது.

ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம், 2025 பிப்ரவரியில் 6.5 சதவீதமாக இருந்தது, ஜூனுக்குள் 5.5 ஆக இறங்கியது அல்லவா, அதற்குப் பிறகு டெபாசிட் புதுப்பிக்கும்போது வட்டி குறைந்துவிட்டது. கணக்குப் போட்டால் மாதம் இரண்டாயிரம்கூடக் குறையவில்லை. நானும் தம்பியும் சம்பாதிக்கிறோம். வாடகை கிடையாது, கடன் கிடையாது.

ஆனால் அப்பா பேசுவதே குறைந்துவிட்டது. பேப்பர் படிப்பதில்லை. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருக்கிறார். வயிறு எரிகிறது என்கிறார்; ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்கிறார்கள். சட்டை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. போன வாரம் அவருடைய மாத்திரை டப்பாவைத் துடைக்கும்போது பார்த்தேன்: பிரஷர் மாத்திரைப் பட்டையில் ஒன்றுவிட்டு ஒன்று அப்படியே இருக்கிறது. கேட்டால், "தினம் எதுக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா போதும், விலை என்ன தெரியுமா" என்கிறார். ஒரு மாத மாத்திரைக்கு நூற்றைம்பது ரூபாய்கூட ஆகாது.

தம்பி சென்னையில் இருக்கிறான். "அப்பாகிட்ட பணக் கதையே பேசாதக்கா, டென்ஷன் ஆவாரு" என்று சொல்லி, வங்கிக் கணக்கு முழுவதையும் அவனே ஆன்லைனில் பார்த்துக்கொள்கிறான். சொந்தக்காரர்கள் எல்லாம் வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது அம்மா போன துக்கமா, கடை போன வருத்தமா, வட்டிக் கவலையா? எதைப் பிடித்துச் சரிசெய்வது?

வில்லியனூர் சித்தப்பா

அம்மாடி, மனைவி போன ஆம்பளை இப்படித்தான் ஆவான். திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்கு வாரம் ஒரு தடவை கூட்டிப் போ. பேரப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடு. நாள் ஆக ஆகச் சரியாகிவிடும்.

முதலியார்பேட்டை

சித்தப்பா, கோயிலுக்குப் போகட்டும், நல்லது. ஆனால் நாள் ஆனால் தானாகச் சரியாகும் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். எங்கள் வீட்டில் நாள் ஆக ஆக மோசமாகத்தான் ஆனது.

என் அப்பா ஒரு தனியார் நூல் ஆலையில் வேலை பார்த்தவர். பெயர் வேண்டாம். ஆலை மூடியபோது அவருக்கு 56 வயது. முழுப் பென்ஷன் வாங்கும் வயதும் இல்லை, வேறு இடத்தில் வேலை கேட்டால் எடுக்கும் வயதும் இல்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு மில் என்றால் என்னவென்று தெரியும். 1898-இல் தொடங்கிய ரோடியர் மில், அதாவது ஏ.எஃப்.டி., 2011-இல் வந்த 'தானே' புயலில் அடிபட்டு, கடைசியில் 2020-இல் மூடப்பட்டது. எட்டு மணி நேர வேலைக்காகப் போராடி 1936 ஜூலை 30-இல் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்த ஊர் இது. மில்காரன் என்று சொன்னால் கல்யாணத்துக்குப் பெண் கொடுத்த காலம் உண்டு. அப்பேர்ப்பட்ட ஊரில் வேலை போன மனிதன் தெருவில் நடக்கவே கூசுவான்.

ஆலை மூடிய பிறகும் அப்பா காலை ஷிஃப்ட் நேரத்துக்கு எழுந்து குளித்துவிடுவார். குளித்துவிட்டுத் திண்ணையில் உட்காருவார். போக இடம் இருக்காது. அம்மா நெத்திலிக் கருவாடு விற்றுக் குடும்பத்தை ஓட்டினார்கள். அந்தக் காசில் வாங்கிய டீயை அப்பா குடிக்கமாட்டார். 58 வயதில் இ.பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பென்ஷன் வர ஆரம்பித்தது. குறைந்தபட்சத் தொகை 2014-இலிருந்து மாதம் ஆயிரம்தான், அவருக்கு அதற்குக் கொஞ்சம் மேலே வந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அந்தச் சின்னத் தொகை வந்ததும் ஆள் கொஞ்சம் நிமிர்ந்தார். தன் பெயரில் மாதாமாதம் ஒரு தொகை வருகிறது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. அதுவரை இருந்த இரண்டு வருடம்தான் கொடுமை.

பழைய செவிலியர்

மகளே, நான் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உட்படப் பல வார்டுகளில் இருந்து ஓய்வு பெற்றவள். நீ எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது மாத்திரைப் பட்டைதான். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வயதானவர்களுக்கு வரும் மனச்சோர்வு சின்ன வயதுக்காரர்களுக்கு வருவது மாதிரி இருக்காது. "எனக்கு மனசு சரியில்லை" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் வாயைத் திறந்து சொல்லவே மாட்டார்கள். வயிறு எரியுது, உடம்பெல்லாம் வலி, தலை பாரம், மலச்சிக்கல், பசியில்லை என்றுதான் வரும். விடிகாலையில் முழிப்பு வந்து திரும்பத் தூக்கம் வராமல் போவது, எடை குறைவது, பிடித்ததில் நாட்டம் போவது, காசு இருந்தும் காசு இல்லை என்று பயப்படுவது, இவை எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வயசு இல்லை, நோய். சில பேருக்கு மறதிகூட வரும். மறதி நோய் என்று பயந்து கூட்டி வருவார்கள். மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்துச் சரியானதும் பலருக்கு மறதி குறைந்துவிடும்.

துக்கமா, கடையா, வட்டியா என்று கேட்டாய். பிரிக்க முடியாது. ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் 1967-இல் வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் கொடுத்து 43 நிகழ்வுகள் கொண்ட ஒரு பட்டியல் போட்டார்கள். துணையின் மரணம் 100. வேலையிலிருந்து ஓய்வு 45. தொழிலில் பெரிய மாற்றம் 39. வரவு செலவு நிலைமை மாறுவது 38. அது அமெரிக்கக்காரர்களிடம் கேட்டுப் போட்ட கணக்கு, நம் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக வரும்போது உடம்பும் மனசும் தாங்காது என்பது எல்லா ஊருக்கும் பொது. உன் அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்குள் எல்லாமே வந்துவிட்டது. வட்டி குறைந்தது கடைசியாக வந்தது, அதனால் அதன் பெயரைச் சொல்கிறார்.

இது அபூர்வமும் இல்லை. இந்தியாவில் 2017-18-இல் 45 வயதுக்கு மேற்பட்ட 72 ஆயிரம் பேரிடம் நடத்திய பெரிய முதுமை ஆய்வில், 60 தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று தெரிந்தது. "டாக்டர் எனக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார்" என்று சொன்னவர்கள் 0.8 சதவீதம்தான். மற்றவர்களை எல்லாம் வயசாச்சு என்று விட்டுவிடுகிறோம்.

இனி செய்ய வேண்டியது. முதலில் ரத்தப் பரிசோதனை: தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தசோகை, சர்க்கரை, சோடியம். தைராய்டு குறைவும் பி12 குறைவும் அச்சு அசலாக மனச்சோர்வு மாதிரியே இருக்கும். அப்புறம் ஒரு மனநல மருத்துவர். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம், புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலத் துறை இருக்கிறது. முதியோருக்கு என்றே 15 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது, ஆம், இல்லை என்று சொன்னால் போதும். பத்து நிமிட வேலை.

மாத்திரை விஷயம். பிரஷர் மாத்திரையை ஒன்றுவிட்டு ஒன்று போடுவது பக்கவாதத்தில் கொண்டு விடலாம். இன்றைக்கே பேசு. மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் 2021-இலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே வந்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். விலைதான் காரணம் என்று அவர் சொன்னால் அந்தக் காரணத்தை எடுத்துவிடு.

இன்னொன்றும் கேட்க வேண்டும், தயங்காதே. "இருந்து என்ன பண்ணப் போறேன்", "போய்ச் சேர்ந்தா தேவலை" என்ற மாதிரி ஏதாவது சொல்கிறாரா? சொன்னால், "உயிரை விட்டுடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டபிறகு பல பேர் அழுதுவிட்டு மனம் லேசாகிப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை, தனியாக விடக்கூடாது. 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

காலாப்பட்டு மாணவி

செவிலியர் அம்மா சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன். நான் இந்தத் துறையில்தான் படிக்கிறேன்.

பொருளாதாரம் சரியும்போது எல்லா முதியவர்களும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. 2008-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தபோது, அதற்கு முன்னும் பின்னும் பேட்டி எடுக்கப்பட்ட முதியவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பங்கில் நிறையப் பணம் வைத்திருந்தவர்களிடம் சோர்வு உணர்வு கூடியிருந்தது, மனச்சோர்வு மருந்து எடுப்பதும் கூடியிருந்தது. ஆனால் மருத்துவ அளவுகோலில் பார்த்தால் மனச்சோர்வு நோய் கூடியதாகத் தெரியவில்லை. அதாவது நஷ்டம் மட்டும் தனியாக வந்தால் பலர் வருந்துகிறார்கள், பிறகு எழுந்துவிடுகிறார்கள். கொரோனா முதல் வருடத்திலும் அங்கே இளைஞர்களைவிட முதியவர்களே மனதளவில் தெம்பாக இருந்தார்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. 2018-இல் வந்த ஓர் ஆய்வு, 51 முதல் 61 வயதில் இருந்த 8,714 அமெரிக்கர்களை இருபது வருடம் பின்தொடர்ந்தது. இரண்டு வருடத்துக்குள் சொத்தில் முக்கால் பங்கு அல்லது அதற்கு மேல் இழந்தவர்கள், இழக்காதவர்களைவிட அந்த இருபது வருடத்தில் இறப்பதற்கான அபாயம் 50 சதவீதம் அதிகம்.

அங்கே பெரும்பாலானவர்களுக்கு அரசு ஓய்வூதியம் உண்டு. சந்தை எப்படிப் போனாலும் அது வரும். நம் ஊரில் கடைக்காரர், கூலிக்காரர், மீனவர், விவசாயி யாருக்கும் அது கிடையாது. தமிழ்நாட்டு முதியோர் உதவித்தொகை 2023-இலிருந்து 1,200 ரூபாய். அதில் 60 முதல் 79 வயது வரையான ஒருவருக்கு மத்திய அரசின் பங்கு வெறும் 200. அதனால் அங்கத்திய முடிவை வைத்து நம் தாத்தாக்கள் தெம்பானவர்கள் என்று விட்டுவிட முடியாது. முதலியார்பேட்டை அண்ணன் சொன்னதுதான் முக்கியம்: ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்குபவரைவிட, ஓய்வுக்குச் சில வருடம் முன்னால் வேலை போனவர் நிலைமை படு மோசம்.

பண்ருட்டி முந்திரி

எங்கள் தாத்தா கதையைச் சொல்கிறேன். யாருக்காவது பயன்படும்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாத்தாவுக்கு அப்போது 68 வயது. அந்தத் தோப்பில் பாதி மரம் அவர் கையால் கொட்டை ஊன்றி வளர்த்தது. பலா மரம் ஒன்று அவருடைய அப்பா வைத்தது. அந்த மரத்துப் பழத்தை விற்றுத்தான் அத்தைகளுக்குக் கல்யாணம் நடந்தது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

புயல் முடிந்த மறுநாளிலிருந்து தாத்தா தினமும் காலையில் தோப்புக்குப் போவார். விழுந்து கிடக்கும் ஒரு அடிமரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டு மதியம் வருவார். மர வியாபாரிகள் வந்தார்கள். எல்லாத் தோப்பிலும் மரம் கிடக்கிறது, யார் விலை கொடுப்பார்கள்? விறகு விலைக்கும் கீழே கேட்டார்கள். பெரியப்பா பேசி முடித்துவிட்டார், தாத்தாவிடம் சொல்லவில்லை. லாரி வந்து மரத்தை வெட்டி ஏற்றியபோது தாத்தா அங்கேதான் நின்றார். வீட்டுக்கு வந்து, "என்னைக் கேட்டிருக்கலாம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு குறைந்தது. அதுவரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். நிவாரணத் தொகை வந்தது, பெரியப்பா வாங்கிக்கொடுத்த புது வேட்டியும் வந்தது. எதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்று வைக்கலாம், மூன்றாம் வருடத்திலிருந்து காய்க்கும் என்றார்கள். மூன்று வருடம் என்றதும் தாத்தா, "நீங்க வைங்கடா, நான் எங்க இருக்கப்போறேன்" என்றார். வயதானவருக்கு நஷ்டம் வேறு, நம்மைப் போன்றவர்களுக்கு நஷ்டம் வேறு என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நமக்கு இழந்ததைத் திரும்பச் சம்பாதிக்க வருடங்கள் கையில் இருக்கின்றன. அவரிடம் கேட்டால் பணத்தைவிட அதைத்தான் முதலில் எண்ணுவார்.

அம்மாதான் விடவில்லை. குழிக்குக் குழி எத்தனை அடி விடணும், மேட்டுப் பக்கம் எந்த ரகம் நிற்கும் என்று தினமும் போய்க் கேட்பார். முதலில் பதிலே வராது. ஒரு நாள் ஆள்கள் குழியை நெருக்கி வெட்டிவிட்டார்கள். தாத்தா கத்திக்கொண்டே எழுந்து போனார். அன்றிலிருந்து கன்றுகள் அவர் பொறுப்பு. முழுக்கச் சரியாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். சந்தைக்குப் போவதை, ஊர்ப் பஞ்சாயத்தில் பேசுவதை எல்லாம் விட்டுவிட்டார். தூக்கத்துக்கு மாத்திரை தேவைப்பட்டது. ஆனால் காய்ப்பைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

தேவனாம்பட்டினம்

நாங்கள் 2004 சுனாமியில் அடிபட்ட ஊர். பிள்ளை, பேரனைப் பறிகொடுத்த கிழவர்கள் இங்கே நிறையப் பேர். படகு கொடுத்தார்கள், வீடு கொடுத்தார்கள். கடலுக்குப் போக முடியாத பெரியவர்களிடம் வலை பின்னுகிற, கிழிந்ததை ஒட்டுகிற வேலை இருந்தவரைக்கும் அவர்கள் தாங்கினார்கள். இப்போது வலையை மொத்தமாக வாங்கி வந்துவிடுகிறோம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் வீட்டில் காசு இருக்காது. அந்த நேரத்தில் பெரியவர்கள் தங்கள் சோற்றைத்தான் முதலில் குறைப்பார்கள். "பசி இல்ல" என்று சொன்னால் நம்பாதீர்கள் அக்கா.

முன்னாள் வங்கிக்காரர்

அம்மா, பண விஷயத்தை நான் சொல்கிறேன். மனசு விஷயம் செவிலியர் அம்மா பார்த்துக்கொள்ளட்டும்.

மொத்தப் பணத்தையும் வங்கி டெபாசிட்டில் ஏன் வைத்திருக்கிறீர்கள்? மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் என்று அஞ்சலகத்திலும் வங்கியிலும் இருக்கிறது. அதன் வட்டியை 2020 ஏப்ரலில் 8.6 சதவீதத்திலிருந்து 7.4-க்கு இறக்கினார்கள், 2023 ஏப்ரலிலிருந்து 8.2. ரெப்போ இறங்கிய 2025-இலும் அதில் கை வைக்கவில்லை. சேரும் அன்றைக்கு இருக்கும் விகிதம் ஐந்து வருடத்துக்கும் மாறாது. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கணக்குக்கு வரும். அவசரத்துக்கு வேண்டியதை டெபாசிட்டில் விட்டுவிட்டு மீதியை அதில் போட்டால், குறைந்தது என்று அவர் கவலைப்படும் தொகை திரும்பக் கிடைத்துவிடும். வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க, வருமான வரி வராத பெரியவர்கள் அதற்கான படிவத்தை (15எச் என்பார்கள்) ஒவ்வொரு நிதியாண்டும் கொடுக்க வேண்டும். டெபாசிட்டை ஒரே வங்கியில் குவிக்கவும் வேண்டாம். காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரைதான், 2020-இலிருந்து.

இப்போது ஒரு கேள்வி. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி யாருடைய போனுக்கு வருகிறது?

கவுன்ட்டரில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் என்பதால் கேட்கிறேன். வியாபாரம் செய்தவர்களுக்கு வரவு தெரியாமல் இருப்பதுபோல ஒரு தண்டனை கிடையாது. 2001 ஜூலையில் யூனிட் டிரஸ்டின் யூ.எஸ். 64 என்ற முதலீட்டுத் திட்டத்தில் பணம் எடுப்பதை நிறுத்தி வைத்தபோது பென்ஷன்காரர்கள் கிளைக்கு வந்து நின்றார்கள். அதற்கு முன்னால் தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாக விழுந்து, 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே கொண்டுவர வேண்டிவந்தது. அப்போதும் பார்த்தேன். எவ்வளவு போனது என்று முழுசாகத் தெரிந்தவர்கள் அழுதார்கள், சண்டை போட்டார்கள், அப்புறம் மிச்சத்தை வைத்து ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் மறைத்து வைத்த வீடுகளில்தான் பெரியவர்கள் ராத்திரி எல்லாம் முழித்திருந்தார்கள். தெரியாத தொகை மனசுக்குள் பெருகிக்கொண்டே போகும். "ஒண்ணுமில்லப்பா" என்று நீங்கள் சொன்னால், சொல்ல முடியாத அளவுக்குப் போய்விட்டது போல என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

இன்னொரு சந்தேகமும் உண்டு, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாராவது போனில் மிரட்டிப் பணம் பறித்திருக்கிறார்களா என்று மெல்ல விசாரியுங்கள். வீடியோ காலில் போலீஸ் வேஷம் போட்டு "டிஜிட்டல் கைது" என்று ஏமாற்றுகிறார்கள். ஏமாந்த பெரியவர்கள் வெட்கத்தில் வீட்டில் சொல்வதே இல்லை. அப்படி இருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குச் சொல்ல வேண்டும்.

புதுப்பாளையம் மகள்

சார், குறுஞ்செய்தி தம்பி போனுக்குத்தான் வருகிறது. போன தீபாவளிக்கு முன்னால் எண்ணை மாற்றினான். நீங்கள் கேட்டபிறகு யோசித்துப் பார்த்தால், அப்பா பேப்பர் படிப்பதை நிறுத்தியதும் ஏறக்குறைய அப்போதுதான். முன்பெல்லாம் கடையில் ராத்திரி ஷட்டர் போடுவதற்கு முன்னால் சிவப்பு அட்டைக் கணக்கு நோட்டில் அன்றைய வரவு செலவை எழுதிவிட்டுத்தான் கிளம்புவார்.

ஏமாற்று விஷயம் கேட்டேன், அப்படி எதுவும் இல்லை. செவிலியர் அம்மா கேட்கச் சொன்னதையும் கேட்டேன். "சாகணும்னு இல்லம்மா, உங்களுக்குப் பாரமா இருக்கக் கூடாது" என்றார். ரொம்ப நேரம் அழுதார்.

மனநல மருத்துவர் என்றதும், "எனக்கென்ன பைத்தியமா" என்கிறார். அதற்கு என்ன செய்வது?

பழைய செவிலியர்

நேராகக் கேட்டாயே, நல்ல பிள்ளை. சாகணும் என்று இல்லை என்றாலும் கவனமாகவே இரு. பாரம் என்று நினைக்கிறவர்களைத் தனிமையில் அதிகம் விடக்கூடாது.

மனநலம் என்ற பேச்சே எடுக்காதே. தூக்கம் வரவில்லை, எடை குறைகிறது, அதற்குப் பார்க்கலாம் என்று வழக்கமான பிரஷர் டாக்டரிடமே முதலில் கூட்டிப் போ. முன்கூட்டியே அவரிடம் விவரத்தைச் சொல்லிவிடு. அவர் வாயால், "இதற்கு இன்னொரு டாக்டர் இருக்கார், அவரையும் பார்த்திடுங்க" என்று சொன்னால் கேட்பார். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் வந்தார்கள். நம்பர் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும்போது நீ பக்கத்திலேயே இரு. உள்ளே போனதும் டாக்டர் சொன்னால் கொஞ்ச நேரம் அவரைத் தனியாகப் பேச விடு. மகள் எதிரில் சொல்லாததை அங்கே சொல்வார்.

தூக்க மாத்திரை மட்டும் கேட்டு வாங்கி வந்துவிடாதே. அல்பிரசோலம், டயசிபாம் மாதிரி மாத்திரைகளால் வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுகிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்தால் அது வேறு பெரிய கதை.

முத்தியால்பேட்டை சொல்தா பேரன்

எங்கள் பாட்டிக்குத் தாத்தாவின் பிரெஞ்சு ராணுவ பென்ஷன் யூரோவில் வருகிறது. தெருவில் எல்லாரும் பாட்டிக்கு என்ன குறை என்பார்கள். தாத்தா போனபிறகு பாட்டியும் இதே மாதிரிதான் ஆனார்கள், விடிகாலை முழிப்பு, வயிற்று வலி. அதனால் வட்டியைச் சரிசெய்வதோடு நிறுத்திவிடாதீர்கள் அக்கா. வங்கிக்காரர் சொன்னது பாதிதான். பாட்டிக்கு மருந்துதான் பலன் கொடுத்தது.

முன்னாள் வங்கிக்காரர்

சரிதான் தம்பி. நான் மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டும் வேண்டும்.

புதுப்பாளையம் மகள்

சில வாரம் கழித்து எழுதுகிறேன். விசாரித்த எல்லாருக்கும் நன்றி.

பிரஷர் டாக்டர் நல்லவர், பொறுமையாகப் பேசினார். ரத்தப் பரிசோதனையில் பி12 ரொம்பக் குறைவு, ஊசி போடுகிறார்கள். மனநல மருத்துவரும் பார்த்துவிட்டு மனச்சோர்வு என்றே சொல்லி மருந்து ஆரம்பித்திருக்கிறார். முதல் பத்துப் பதினைந்து நாள் ஒரு மாற்றமும் இல்லை. இப்போது நான்கு மணி, நாலரை வரை தூங்குகிறார். வயிற்று எரிச்சலைப் பற்றிப் பேசுவது குறைந்திருக்கிறது. பிரஷர் மாத்திரையை நான் எதிரில் நின்று போட வைக்கிறேன்.

தம்பியிடம் இந்த இழையைப் படிக்கக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான். வங்கிக்கு மூன்று பேருமாகப் போய் அப்பா எண்ணைத் திரும்பச் சேர்த்தோம். அங்கேயே உட்கார்ந்து மொத்தக் கணக்கையும் அவரிடம் காட்டினான். வெள்ளத்தில் போனது எவ்வளவு, காப்பீடு வராமல் போனது எவ்வளவு, அம்மா ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு, எதையும் விடவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் கேட்டார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கடைசியில், "நான் ஆறேழு லட்சம்தான் மிச்சம் இருக்கும்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

15 லட்சத்தை மூத்த குடிமக்கள் திட்டத்துக்கு மாற்றுகிறோம். படிவத்தை நான் நிரப்பினேன், நாமினி பெயரில் இனிஷியல் தப்பு என்று திருப்பிக் கொடுத்தார். 15எச் ஏன் இந்த வருடம் கொடுக்கவில்லை என்று தம்பியைப் பிடித்துத் திட்டினார்.

அம்மாவைப் பற்றி மட்டும் இன்னும் பேசவில்லை. அதற்கு என்ன வழி என்று தெரியவில்லை. மாணவி, நீங்கள் ஏதாவது சொல்ல முடியுமா?

காலாப்பட்டு மாணவி

அக்கா, அவரைப் பேச வைக்க வேண்டும் என்று முயற்சி செய்ய வேண்டாம். நீங்கள் பேசுங்கள். அம்மா பெயரைச் சாதாரணமாக வீட்டில் சொல்லுங்கள், இந்தக் குழம்பு அம்மா வைத்த மாதிரி வரவில்லை, அந்தப் புடவை எங்கே என்று. பல வீடுகளில் பெரியவர் வருந்துவார் என்று இறந்தவர் பெயரையே எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். தனக்கு மட்டும்தான் நினைவு இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார். திதி வரும்போது ஏற்பாடு முழுவதையும் அவரையே முடிவுசெய்ய விடுங்கள். இரண்டு வருடம் தாண்டியும் துக்கம் கொஞ்சமும் இறங்கவில்லை என்றால் அதற்கென்று தனியாக ஆலோசனை இருக்கிறது, மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பழைய செவிலியர்

மகளே, நல்ல சேதி. மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். அவருடைய பிரஷர் மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்து கலந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேள். அதோடு மனச்சோர்வு மருந்தும் சேரும்போது வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கும். அதனால் இந்த மாதமே ஒரு தடவை சோடியம் பார்த்துவிடு. திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, தள்ளாடினாலோ காத்திருக்காமல் கூட்டிப் போ.

மருந்து முழுப் பலன் கொடுக்க ஆறு, எட்டு வாரம் ஆகும். நன்றாக ஆனதும் அவரே நிறுத்தப் பார்ப்பார், அதுவும் காசு மிச்சம் என்று. குறைந்தது ஆறு மாதம், இந்த வயதில் பெரும்பாலும் ஒரு வருடம் வரை தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டர் சொல்லும் விதத்தில் படிப்படியாகத்தான்.

பி12 ஊசி அட்டவணையை அவரையே அந்தச் சிவப்பு நோட்டில் எழுதி வைக்கச் சொல். அடுத்த மாதம் வந்து எடை எவ்வளவு என்று எழுது.